வாடாத பூவுக்கு நிவாரணம்

இலந்தைக்கொல்லை இருளாயியின் தோட்டத்து முல்லை, 2020ஆம் வருடம் மார்ச் மாதம் இருபத்தைந்தாம் தேதி வாடுவதை நிறுத்திக்கொண்டது. அன்று புதன்கிழமை, ஊரடங்கின் முதல் நாள். ஆலங்குடியில் தக்காளி கிலோ பன்னிரண்டு ரூபாய், தேங்காய் ஒன்று பதினான்கு, முப்பது ரூபாய் முகக்கவசம் காலை பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. பூவுக்கு மட்டும் விலையே இல்லை. கீரமங்கலத்துக் கமிஷன் கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டன. இரண்டு நாளைக்கு முன்பு கிலோ நானூறுக்குப் போன முல்லையைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. கல்யாணம் இல்லை, கோயில் பூட்டு, மாதா கோயிலும் பூட்டு. செத்தவரைத் தூக்கக்கூட நாலு பேருக்கு மேல் வரக்கூடாது என்று ஆகிவிட்ட பிறகு மாலைக்கு என்ன வேலை இருக்கிறது?

வாங்க ஆளில்லை என்பதற்காகச் செடி பூக்காமல் இருக்காது. பூ விவசாயத்தில் உள்ள பெரிய தொல்லை இதுதான். கடலையை மண்ணுக்குள் நாலு நாள் விட்டு வைக்கலாம், தேங்காயை மரத்திலேயே விடலாம். முல்லையை அப்படி விட முடியாது. அன்றைய மொட்டை அன்றைக்கே பறிக்க வேண்டும். விட்டால் அடுத்த மொட்டு சிறுக்கும், புழு விழும், கொஞ்ச நாளில் செடியே பூப்பதை மறந்துவிடும். அதனால் இலந்தைக்கொல்லையின் முப்பத்தொரு பூ விவசாயிகளும் அந்தக் கோடையில் தினமும் விடிவதற்குள் தோட்டத்தில் இறங்கி, விற்காத பூவை விற்கிற பூவைப் போலவே கருத்தாகப் பறித்தார்கள். பறித்ததைக் கண்மாய்க்கரைப் பள்ளத்தில் கொட்டினார்கள். கால் மிதிபடுகிற இடத்தில் பூவைப் போடுகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. கொட்டிய பூ சாயங்காலத்துக்குள் பழுத்து, மறுநாள் கறுத்து, மூன்றாம் நாள் ஊரெல்லாம் ஒரு புளித்த வாடை வீசியது.

இருளாயி மட்டும் பள்ளத்துக்குப் போகவில்லை. அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. புருஷன் செல்லமுத்து தென்னை மரத்திலிருந்து விழுந்து செத்துப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. மகன் அஜித் திருப்பூரில் பனியன் கம்பெனி அறையில் ஏழு பேரோடு அடைபட்டுக் கிடந்தான். செல்லமுத்துவைக் காவு வாங்கிய மரத்தையும் அதன் கூடப்பிறந்த நாற்பது மரங்களையும் கஜா புயல் ஒரே ராத்திரியில் படுக்கவைத்த பிறகு, அந்த முக்கால் ஏக்கரைத் தன்னந்தனியாகத் திருத்தி, போர் போட்டு, அறுநூறு முல்லைச் செடி வைத்தவள் அவள். இரண்டு கையாலும் பறிப்பாள். கண் ஒரு செடியில் இருக்கும்போதே கை அடுத்த செடிக்குப் போய்விடும், ஒரு இலை கூட உதிராது. அவள் பறிக்கிறதைப் பார்க்கிறவர்கள் வந்த வேலையை மறந்து நிற்பார்கள். இந்த ஊரில் அவளைப் போலப் பறிக்க இன்றைக்கும் ஆள் இல்லை.

பறித்த பூவை அவள் மோட்டார் கொட்டகைப் பக்கத்துத் தொட்டியில் கொட்டினாள். மூன்று சிமெண்டுக் கிணற்று உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய தொட்டி அது. மக்கினால் எருவாகட்டும் என்று நினைத்தாள். நாலாம் நாள் பூ அப்படியே இருந்தது. ஒன்பதாம் நாளும் அப்படியே இருந்தது. அடியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள், அப்போதுதான் பறித்தது போல மொட்டு குளிர்ச்சியாக இருந்தது. இருளாயிக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏதோ தன் பக்கம் தப்பு நடந்துவிட்டது போலக் கூச்சமாக இருந்தது. தொட்டியின் மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினாள்.

மூடி வைத்தால் வாசனை அடங்குமா? பக்கத்துத் தோட்டத்துப் பெரியண்ணன் வாசனை பிடித்துக்கொண்டு வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பஸ் ஓடாததால் காற்று சுத்தமாகி, அதனால் பூ வாடவில்லை என்றார்கள் சிலர். அவள் போட்ட புண்ணாக்கில் விசேஷம் என்றார்கள் சிலர். பெரும்பாலானவர்கள் பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். அந்த மாதத்தில் உலகத்தில் நடந்த காரியங்களோடு வைத்துப் பார்த்தால் ஒரு தொட்டிப் பூ வாடாமல் இருப்பது ஒன்றும் பெரிய சேதியாக அவர்களுக்குப் படவில்லை. அஜித் மட்டும் திருப்பூரிலிருந்து போனில் குதித்தான்.

"அம்மா, ஒரு பூவும் வெளிய போகாமப் பத்திரமா வச்சிரு. கடை தொறந்ததும் நாம எங்கயோ போயிரலாம்."

மே ஒன்பதாம் தேதி, அக்கினி நட்சத்திரம் தொடங்கிய ஆறாம் நாள், இருளாயியின் போர் மோட்டாரின் செம்புக் கம்பிக் காயில் கருகியது. மோட்டாரை மேலே தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்கப் பதினாலாயிரம் ஆகும் என்றார் ஆலங்குடி மெக்கானிக் ஜஸ்டின். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் செம்புக் கம்பிக்காரன் கையில் காசு வைத்தால்தான் கம்பி கொடுப்பான். இருளாயி பெரியண்ணனின் தொட்டியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். காலையில் நாற்பது குடம், சாயங்காலம் நாற்பது குடம். அறுநூறு செடிக்கு அது நாக்கு நனைக்கக் காணாது. மேலைக் கடைசி வரிசையில் இலை சுருள ஆரம்பித்தது. ஒரு வரிசை போனால் மறு வரிசை எத்தனை நாள் தாங்கும் என்பது அவளுக்குத் தெரியும். மாதக் கடைசிக்குள் தண்ணீர் பாயவில்லை என்றால் தோட்டம் போய்விடும். வாடாத பூவை வைத்துக்கொண்டு வாடுகிற செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஜித் மறுபடி போன் செய்தபோது சுருக்கமாகச் சொன்னாள்: "செடி செத்துப்போச்சுன்னா நாளைக்கு என்னத்தடா பறிக்கிறது?"

இந்த நேரத்தில்தான் பூ விவசாயிகளுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. இலந்தைக்கொல்லைக்கு அந்தத் தகவலைக் கொண்டுவந்தவர் தோட்டக்கலை அலுவலர் ஷர்லி. இருபத்தொன்பது வயது, சொந்த ஊர் இலுப்பூர், ஆலங்குடியில் வாடகை அறையில் இருந்தார். மே பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். முக்கால் ஏக்கருக்குப் பதினைந்தாயிரம் ரூபாய், நேராகக் கணக்கில் ஏறிவிடும். வேண்டியதெல்லாம் ஒரே ஒரு போட்டோ. பறித்த பூவில் மூன்றில் ஒரு பங்காவது வாடி வீணாகியிருக்க வேண்டும், அதன் பக்கத்தில் விவசாயி நிற்க வேண்டும். மே இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு கணினியில் ஏற்றுவது முடிந்துவிடும்.

கஜாவுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் இழப்புக்குப் பக்கத்தில் எப்படி நிற்பது என்று தெரியும். கையைக் கட்டக்கூடாது, சிரிக்கக்கூடாது, காமிராவைப் பார்க்காமல் வீணானதைப் பார்க்க வேண்டும். முப்பது பேரும் அவரவர் குவியல் பக்கத்தில் போய் அப்படியே நின்றார்கள். மத்தியானத்துக்குள் முப்பது போட்டோவும் முடிந்தது. முப்பத்தோராவதாக ஷர்லி இருளாயியின் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இது இன்னைக்குப் பறிச்சதா?"

"மேல கெடக்கறது இன்னைக்கு எடுத்ததுங்க மேடம். அடியில கெடக்கறது பங்குனி மாசத்துது."

ஷர்லி முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். விவசாயக் கல்லூரியில் நாலு வருடம் படித்தவர் என்றாலும், கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்கிற குணம் அவருக்குக் கிடையாது. கையை வெளியே எடுத்து, சானிடைசர் போட்டுக்கொண்டு, கையிலிருந்த ஃபாரத்தை ஒருமுறை முழுக்கப் படித்தார்.

"விதிப்படி பூ வீணாகியிருக்கணும்மா. இது வீணாகலையே."

"விக்கலீங்களே மேடம்."

"விக்கலைன்னு எழுத இதுல கட்டமே இல்லைங்கம்மா," என்றார் ஷர்லி. அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, அது வேஷமில்லை.

அன்று சாயங்காலம் பெரியண்ணன் ஒரு வழி சொன்னார். "ஏம்மா இருளாயி, எங் குவியல் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ புடிச்சுக்க. பூவுல பேரா எழுதியிருக்கு?" இருளாயி தலையாட்டி மறுத்துவிட்டாள். "அது ஒங்க நட்டம்ணே. அதுக்குப் பக்கத்துல நான் போயி நின்னா நல்லாவா இருக்கும்?" பெரியண்ணன் அதோடு விடவில்லை. மறுநாள் விடியலில் அவளுக்குத் தெரியாமல் தன்னுடைய கறுத்த பூவில் இரண்டு கூடை அள்ளிவந்து அவள் தொட்டியில் கொட்டிக் கலக்கிவிட்டுப் போனார். ஷர்லி வந்து தார்ப்பாயை விலக்கியபோது அவர் பூ மட்டும் தனியாகப் பிரிந்து, அழைக்காத வீட்டு விசேஷத்துக்கு வந்துவிட்டவர்களைப் போல ஒரு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. பெரியண்ணன் வந்து தன் பூவை அள்ளிக்கொண்டு போனார்.

ஷர்லி செவ்வாயும் வந்தார், புதனும் வந்தார், வியாழனும் வந்தார். மற்ற ஊர் வேலையை முடித்துவிட்டு, புளியமர நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு, பூ வாடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். சம்பளம் வாங்குகிறவர்களில் இப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். பூவை வெயிலில் பரப்பிப் பார்த்தார்கள். வெந்நீர் ஊற்றினார்கள். அரிசிச் சாக்கில் கட்டி அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வியாழன் சாயங்காலம் ஷர்லி ஸ்கூட்டியை எடுத்தபோது, மூன்று வரிசைச் செடி இலை உதிர்த்திருந்தது. இருளாயி கூடையில் இரண்டு முழச் சரத்தைக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள். பூத்தோட்டத்துக்கு வந்த பெண்ணை வெறும் தலையோடு அனுப்புகிற வழக்கம் இல்லை. செல்லமுத்து செத்ததிலிருந்து அவள் யாருக்கும் தன் கையால் பூ எடுத்துக் கொடுத்ததில்லை, அதனால் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, "நீங்களே எடுத்து வச்சுக்கங்க மேடம்," என்றாள்.

மறுநாள் காலை ஷர்லி வழக்கத்துக்கு முன்பே வந்தார். டிபன் பாக்ஸ் மூடியில் அந்தச் சரம் இருந்தது. முழுக்கப் பழுத்து, காம்பு கறுத்து, உருப்படியாக வாடியிருந்தது. தலையில் வைத்த மூன்றாம் மணிநேரத்தில் வாட ஆரம்பித்ததாகச் சொன்னார். அடுத்த இரண்டு நாளும் ஊரில் அதே ஆராய்ச்சிதான். பெரியண்ணனின் டி.வி.எஸ். வண்டியில் கட்டிய பூ வாடவில்லை. அவருடைய பசுவின் கொம்பில் சுற்றியது வாடியது. பூசாரி கம்பிக் கதவு வழியாக மாரியம்மனுக்குப் போட்டதும், மாதா கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை மரியசெல்வம் மாதா சுரூபத்துக்குப் போட்டதும் ஒரே நேரத்தில் வாடின, அதனால் அந்த விஷயத்தில் ஊரில் சண்டை வரவில்லை. விஷயம் தெளிவாகிவிட்டது. இருளாயியின் பூ சூடுவதற்குத் தலை வருகிறவரை காத்திருக்கும், சூடிய பிறகுதான் வாடும்.

தொட்டி மூன்று உறை, விளிம்பு வரை பூ. மூன்றில் ஒரு பங்கு என்றால் மேல் உறை அளவுக்குப் பூ இறங்க வேண்டும். இருநூறு வீட்டுப் பெண்களும் ஐந்து நாள் உட்கார்ந்து சரம் கட்டினார்கள். இதற்கு யாரும் கூலி கேட்கவில்லை, யாரும் வந்து கூப்பிடவும் இல்லை. அவரவர் நட்டத்துக்கு நிவாரணம் உறுதியாகிவிட்ட முப்பது வீட்டுக்காரர்கள்தான் முதலில் நாரோடு வந்தார்கள். இடைவெளி விட வேண்டும் என்பதால் தேங்காய் பறிக்கிற அலக்குக் கம்பின் நுனியில் சரத்தைத் தொங்கவிட்டு வாசல் வாசலாக நீட்டினார்கள். மே இருபத்தெட்டு, வியாழக்கிழமை காலையில் இலந்தைக்கொல்லையில் பூ வைக்கிற பெண்கள் எல்லோரும் தலை நிறையப் பூவோடு, போக ஓரிடமும் இல்லாமல், அவரவர் வாசலில் நின்றார்கள். இரண்டு மாதமாகத் தலையைக்கூட ஒழுங்காக வாராமல் கிடந்தவர்கள் பெட்டியைத் திறந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டியிருந்தார்கள். பிளெஸ்ஸி என்று ஒரு புதுப்பெண், சித்திரையில் நடக்க வேண்டிய கல்யாணம் நின்றுபோனவள், முகூர்த்தப் புடவையையே கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆம்பிளைகள் காதில் வைத்துக்கொண்டார்கள், ஆட்டுக்கும் மாட்டுக்கும் கட்டினார்கள். நோய் நொடி, சாவுச் செய்தி, மூடிய கடை எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த ஒரு நாள் ஊர் அவ்வளவு அழகாக இருந்தது. சாயங்காலம் வாடிய சரங்களைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டகை முன்னால் விரித்த தார்ப்பாயில் குவித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஷர்லி தொட்டிக்குள் கம்பை விட்டுப் பார்த்தார். இரண்டாம் உறைக்கு மேலே இன்னும் ஒரு சாண் பூ இருந்தது. அதற்கென்ன, இன்னொரு தடவை வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் மறுபடி வைத்தார்கள். இந்தத் தடவை பூ வாடவில்லை. பதினொரு மணிக்கும் வாடவில்லை, பன்னிரண்டுக்கும் வாடவில்லை. ஷர்லிதான் முதலில் விளங்கிக்கொண்டார். தலை எத்தனை நாள் பூ இல்லாமல் இருந்ததோ அத்தனை வேகமாகத்தான் பூ வாடும். இரண்டு மாதம் சும்மா இருந்த தலையில் ஒரு பகலில் வாடியது. நேற்றுத்தான் சூடிய தலையில் அது எதற்கு அவசரப்பட வேண்டும்? இருளாயி தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவள் தண்ணீர்க் குடத்தையும் தொடவில்லை. ஐந்து மணிக்கு இன்னும் ஐந்து மணிநேரம் இருந்தது. தோட்டத்தில் பாதிச் செடிதான் பச்சையாக இருந்தது, அதுவும் இன்னும் ஒரு வாரத்தைத் தாண்டாது.

அப்போது சந்தனம் வந்தாள். அறுபத்தைந்து வயது, இருளாயியின் எதிர்வீடு. புருஷன் போய் முப்பத்தொரு வருடம் ஆகிறது. அவளுக்குப் பின்னால் ஊரில் பூ வைக்காத மற்ற பெண்கள் ஒன்பது பேர், ஆளுக்கு ஆறடி இடைவெளி விட்டு வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். தொட்டிக்கு எதிரே வந்து நின்று சந்தனம் கையை நீட்டினாள்.

"கவருமெண்டு வேலையா வந்துருக்கோம். சரத்த இங்கிட்டு குடுங்க."

புளியமரத்தடியில் நின்ற பெரியவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். சந்தனம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஷர்லியைப் பார்த்து, "யாரு யாரு வைக்கலாம்னு ரூல்ஸு எதுவும் இருக்கா மேடம்?" என்று கேட்டாள். ஷர்லி ஃபாரத்தின் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"அப்படி எதுவும் போடலைங்கம்மா."

அரசாங்க ஃபாரத்தில் இல்லாததை அதற்கு மேல் யார் கேட்க முடியும்? செருமியவர் வெற்றிலைப் பையைத் தேட ஆரம்பித்தார். சந்தனம் ஒரு முழச் சரத்தை எடுத்து நரைத்த கொண்டையில் வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் பூ பழுத்துவிட்டது. எடுத்துத் தார்ப்பாயில் போட்டுவிட்டு அடுத்ததை வைத்தாள். அதுவும் பழுத்தது. முப்பத்தொரு வருடத்துப் பசி அது. பத்துப் பேரும் வரிசையாக நின்று வைத்து வைத்து எடுத்தார்கள். பதினெட்டு வருடக்காரிக்கு ஒரு சரம் வாட இரண்டு நிமிடம், நாலு வருடக்காரிக்குக் கால் மணிநேரம். சரம் கட்டிக் கொடுக்கிறவர்களுக்குக் கை ஓயவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருத்தி முகம் பார்க்கக் கண்ணாடி கேட்டாள், அதற்குப் பிறகு எல்லோருக்கும் கண்ணாடி வேண்டியிருந்தது. மூன்று மணிக்கு இரண்டாம் உறைக்கு மேலே நாலு விரல் அளவு பூதான் பாக்கி. அந்தப் பத்துப் பேர் தலையிலும் பூ அப்போது நிதானமாக இருக்க ஆரம்பித்திருந்தது. அவர்களுக்கு நிறைந்துவிட்டது.

"ஒந்தல சும்மாத்தானடி இருக்கு," என்றாள் சந்தனம்.

இருளாயி எழுந்திருக்கவில்லை. பதினாறு வருடம் முதலில் கூலிக்கும் பிறகு சொந்தத்துக்குமாக இடுப்பளவு பூவுக்குள் நின்று பறித்தவள், சாக்குச் சாக்காகத் தலையில் தூக்கிப் போனவள். அந்தப் பூவில் ஒன்றைத் தனக்கென்று நினைத்ததே இல்லை. செல்லமுத்துவைக் கிடத்தியிருந்தபோது அவள் தலையிலிருந்து பூவை உருவிய கைகள் யாருடையவை என்று அவளுக்கு இன்றும் தெரியும். அதில் ஒரு கை சந்தனத்துடையது. சந்தனத்துக்கும் அது நினைவிருந்தது.

"வேணாம்க்கா. நான் விக்கிறவ."

"விக்கிறதுக்கு ஆளில்லாமத்தான இம்புட்டும் கெடக்கு. திரும்பு அங்கிட்டு."

இருளாயி திரும்பி உட்கார்ந்தாள். சந்தனம் அவள் முடியைக் கோதி, ஒரு முழச் சரத்தை வளைத்து வைத்தாள். இருளாயிக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. அழுதுகொண்டே இருந்தாள், சரம் வாடிக்கொண்டே இருந்தது, சந்தனம் ஒன்றை எடுத்து அடுத்ததை வைத்துக்கொண்டே இருந்தாள். மொட்டு விரிந்து மணத்து, பிறகுதான் வாடியது. எந்தப் பூவும் வாசனை கொடுக்காமல் போகவில்லை. நாலு மணி அடிக்கும்போது தொட்டியில் இரண்டாம் உறையின் விளிம்பு தெரிந்தது. அப்போது வைத்த சரம் வாடாமல் நின்றது. இன்னும் வைக்கட்டுமா என்று சந்தனம் கேட்டதற்கு, "போதும்க்கா," என்றாள் இருளாயி.

நாலு பத்துக்கு ஷர்லி போட்டோ எடுத்தார். வீணான பூவைப் பார்த்து நிற்க வேண்டிய இருளாயி காமிராவைப் பார்த்து நின்றாள், தலையில் அந்தச் சரம் வெள்ளையாக இருந்தது. எடுத்துவிடச் சொல்லலாமா என்று ஷர்லி ஒரு கணம் யோசித்துவிட்டுச் சொல்லவில்லை. டவர் கிடைக்காமல் கண்மாய்க்கரை மேல் ஏறி நின்று, நாலு ஐம்பத்திரண்டுக்குப் படத்தை ஏற்றினார். நிவாரணம் ஜூன் ஒன்பதாம் தேதி ஏறியது. ஷர்லி சொன்ன ஜாமீனில் ஜஸ்டின் மே முப்பதாம் தேதியே மோட்டாரைத் தூக்கிவிட்டதால், ஜூன் இரண்டாம் தேதி தண்ணீர் பாய்ந்தது. அறுநூறில் முந்நூற்றுப் பத்துச் செடி பிழைத்தது. மழைக்கு முன் இருளாயி மீதி இடத்துக்கும் பதியன் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு சந்தனமும் மற்ற ஒன்பது பேரும் பூ வைப்பதை நிறுத்தவில்லை, இருளாயியும் நிறுத்தவில்லை. ஒரு தடவை அரசாங்கத்துக்காகச் செய்ததை மறு தடவை எதற்காகச் செய்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சந்தனத்திடம் பதில் இருந்தது என்பதும் ஊருக்குத் தெரியும். மறு வருடம் இரண்டாவது ஊரடங்கில் மறுபடியும் ஃபாரம் வந்தபோது இருளாயி தன்னுடையதை ஷர்லியிடமே திருப்பிக் கொடுத்தாள். பூ காத்திருக்கும்போது நட்டம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டாள். அந்த வருடம் பிளெஸ்ஸியின் கல்யாணத்தில் சூடிய பூ முழுவதும் அவள் தொட்டியிலிருந்துதான் போனது.

இப்போதெல்லாம் கீரமங்கலம் சந்தையில் முல்லை கிலோ முந்நூற்றுக்குக் குறைவதில்லை, முகூர்த்த நாளில் ஆயிரத்தைத் தொடும். வாடாத பூ என்று தெரிந்து திருச்சி வியாபாரிகள் இரட்டை விலை சொல்லிப் பார்த்துவிட்டார்கள். இருளாயி அன்றைய விலைக்கு மேல் வாங்குவதில்லை, யாருக்கும் முன்னால் சாக்கைப் பிரிப்பதும் இல்லை. விடியலில் எல்லோரோடும் வந்து, தராசுக்குப் பக்கத்தில் சாக்கைச் சாய்த்து வைத்துவிட்டு, டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெரியண்ணன் பூ போக வேண்டும், இன்னும் இருபத்தொன்பது பேர் பூ போக வேண்டும். ஆத்திரப்படுகிற வியாபாரிகளிடம், "அவுங்க பூ வாடிரும், மொதல்ல அத எடுங்க," என்பாள். கடைசிக் கூடையும் காலியான பிறகுதான் எழுந்து சாக்கின் வாயைப் பிரிப்பாள். சில நாள் அதற்குள் வியாபாரிகள் கிளம்பிப் போயிருப்பார்கள். அன்றைக்குச் சாக்கை அப்படியே தலையில் தூக்கிக்கொண்டு ஊர் பஸ்ஸில் திரும்பி வந்து தொட்டியில் கொட்டிவிடுவாள்.